சின்ன காருக்கு ரிமோட் ஸ்டார்ட்டர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கத்திரி வெயிலில் திட்டக்குடியில் இரண்டு மணி நேரம் நின்ற காரின் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஏசி ஓடினால் நன்றாக இருக்குமே என்றுதான் ஆல்டோ, வேகன்-ஆர் வைத்திருப்பவர்கள் ரிமோட் ஸ்டார்ட்டர் கிட் வாங்குகிறார்கள். ஆசையில் தப்பில்லை, ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் கிட்டுகளில் பல, ஆட்டோமேட்டிக் கார்களுக்கென்று செய்தவை. நம் பக்கம் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவை கையால் கியர் போடுகிறவை, அதிலும் கியரில் போட்டு நிறுத்துகிற பழக்கம் பலருக்கு உண்டு. அப்படி நிற்கும் காருக்கு ரிமோட் அழுத்தினால் செல்ஃப் மோட்டாரே வண்டியை இழுத்துக்கொண்டு போகும். எஞ்சினும் பிடித்துவிட்டால் எதிரே சுவரா, குழந்தையா என்று அதற்குத் தெரியாது. கிட் வாங்கியிருந்தாலும், வாங்கப் போவதாக இருந்தாலும், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

செய்ய வேண்டியவை

1. உங்கள் காரில் ‘பார்க்’ நிலை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏஎம்டி கார்களில் அது கிடையாது, அவற்றையும் கியரில் நிறுத்த முடியும். ‘ஆட்டோமேட்டிக்தானே’ என்று அசட்டையாக இருக்க வேண்டாம்.

2. கியர் கார் என்றால், நியூட்ரலை உறுதி செய்யும் கிட்டை மட்டும் வாங்குங்கள். இதில் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, எஞ்சின் ஓடும்போதே சாவியை எடுத்து இறங்கிக் கதவைப் பூட்ட வேண்டும். பிறகுதான் எஞ்சின் தானாக அணையும். அதன்பின் யாராவது கதவைத் திறந்தால் ரிமோட் வேலை செய்யாது. உங்களுக்குத் தெரியாமல் கியர் மாறியிருக்க வழியில்லை.

3. ஹேண்ட் பிரேக், பானட், பிரேக் பெடல் மூன்றின் சுவிட்சுகளையும் கிட்டோடு இணைக்கச் சொல்லுங்கள். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று பலர் தவிர்ப்பது இவற்றைத்தான். உயிரைக் காப்பதும் இவைதான்.

4. கிட் மாட்டும் முன் பேட்டரியைச் சோதியுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். பலவீனமான பேட்டரியில் கிட்டும் ஒழுங்காக வேலை செய்யாது.

5. வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, மூன்று நிமிடமாவது காத்திருங்கள். ஏர்பேக் சர்க்யூட்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்க வேண்டும்.

6. பேட்டரியிலிருந்து வரும் புது வயருக்கு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். டேஷ்போர்டு அருகே போட்டால், நடுவில் எலி கடித்து வயர் பாடியில் உரசும்போது ஃபியூஸ் காப்பாற்றாது. கரும்புத் தோட்டமும் நெல்வயலும் சூழ்ந்த ஊரில் எலி வராமல் இருக்காது.

7. ஒவ்வொரு இணைப்பையும் சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடச் சொல்லுங்கள். டேஷ்போர்டை மாட்டும் முன் ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள்.

8. மெக்கானிக் கையில் டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கிறதா என்று கவனியுங்கள். பல்பு டெஸ்டரால் வயர்களைக் குத்திப் பார்த்தால் எஞ்சினின் கணினியான ஈசியூ கெட்டுப்போகலாம்.

9. பில்லும், எந்த வயர் எதில் சேர்ந்தது என்ற படமும் வாங்கி ஆர்சியோடு வையுங்கள். நாளைக்கு வண்டி நடுவழியில் நின்றால் அடுத்த மெக்கானிக்குக் கைகொடுப்பது அந்தப் படம்தான்.

10. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கூடுதல் மின்சாதனங்களுக்கு ஐஎம்டி-24 என்ற பிரிவு உண்டு. சாதனத்தின் மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம். சொல்லாமல் விட்டால் தீ விபத்து கிளெய்மில் இழுபறி வரும்.

11. பணம் கொடுக்கும் முன், திறந்த வெளியில், வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் இல்லாதபோது சோதியுங்கள். நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு அழுத்துங்கள், ஸ்டார்ட் ஆகக் கூடாது. பானட்டைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்று அழுத்துங்கள், அப்போதும் ஆகக் கூடாது. ஓடும்போது சாவியில்லாமல் பிரேக்கை மிதியுங்கள், உடனே அணைய வேண்டும். ஒன்று தவறினாலும் வண்டியை அங்கேயே விட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

12. ரிமோட்டில் ஸ்டார்ட் ஆன வண்டியில் ஏறியதும் சாவியைப் போட்டு ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். அதைத் தாண்டித் திருப்பினால் ஓடும் எஞ்சினில் செல்ஃப் பல் உரசித் தேயும்.

13. சர்வீசுக்கு விடும்போது ‘வேலட்’ சுவிட்சைப் போட்டு ரிமோட்டை முடக்குங்கள். மெக்கானிக்கின் கை ஃபேன் பெல்ட் பக்கம் இருக்கும்போது உங்கள் பாக்கெட்டில் பட்டன் அமுங்கக் கூடாது.

செய்யக்கூடாதவை

1. இனிமேல் கியரில் போட்டு நிறுத்தாதீர்கள். சரிவான இடமென்றால் ஹேண்ட் பிரேக்கோடு சக்கரத்துக்குக் கட்டை முட்டுக் கொடுங்கள்.

2. கடைத்தெருவிலோ பஸ் ஸ்டாண்டு பக்கமோ ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யாதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் நிற்கும் வண்டியின் டிரைவர் சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினை அணைத்து, வண்டி தானாக நகராதபடி பிரேக் போட்டிருக்க வேண்டும். இந்த வசதி உங்கள் வீட்டு வளாகத்துக்குத்தான்.

3. ஷட்டர் போட்ட ஷெட்டில் ஒரு நிமிடம்கூட ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஷெட்டை ஒட்டிய அறையில் தூங்குகிறவரையும் அது கொல்லும்.

4. வைக்கோல், மக்காச்சோளத் தட்டை, எள் செடி காயும் இடத்தில் காரை நிறுத்தாதீர்கள். சைலன்சரோடு சேர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூடாகும். ஆளில்லாமல் ஓடும் வண்டியின் அடியில் தீப்பிடித்தால் பார்க்க ஆளிருக்காது.

5. இரண்டாவது சாவியை டேஷ்போர்டுக்குள் ஒளித்துவைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். சரியான சாவி இல்லாவிட்டால் எஞ்சினைத் தடுக்கும், மாருதியின் ஐகேட்ஸ் போன்ற இம்மொபைலைசரை ஏமாற்ற சிலர் இப்படித்தான் செய்வார்கள். திருடனுக்கு அது பாதி வேலையை முடித்துக்கொடுக்கும். வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ்காரர் இரண்டு சாவியையும் கேட்பார், உங்களிடம் ஒன்றுதான் இருக்கும்.

6. மஞ்சள் நிற வயர், கனெக்டர் எதையும் தொட விடாதீர்கள். அவை ஏர்பேக்குடையவை. தவறாகத் தொட்டால் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

7. ‘கிளட்ச் சுவிட்சை பைபாஸ் செய்தால் போதும்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். கியரில் இருக்கும் வண்டி நகராமல் தடுக்கும் ஒரே பூட்டை அது உடைத்துவிடும்.

8. வயரை முறுக்கி டேப் சுற்றும் வேலையை ஏற்காதீர்கள். நம் வெயிலில் டேப்பின் பசை உருகிக் கழன்றுவிடும், அடுத்தது ஷார்ட் சர்க்யூட்தான்.

9. குழந்தை கைக்கு ரிமோட் எட்டும்படி வைக்காதீர்கள். இரண்டு முறை அழுத்தினால்தான் ஸ்டார்ட் ஆகும்படி செட் செய்யுங்கள்.

10. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும்படி வைக்காதீர்கள். ஏசியோடு நின்றபடி ஓடும் சின்ன பெட்ரோல் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் குடிக்கும்.

11. வண்டி மழைத்தண்ணீரில் நின்றிருந்தால் ரிமோட்டைத் தொடாதீர்கள். 2015 வெள்ளம் நம் கடலூர் மாவட்டத்தை என்ன செய்தது என்பது உங்களுக்கே தெரியும். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கும்போது செல்ஃப் எடுத்தால் கனெக்டிங் ராடு வளையும்.

12. மாதக்கணக்கில் சும்மா நிறுத்தும் காரில் கிட்டை இணைப்பிலேயே விடாதீர்கள். 20 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் 30 நாளில் 14 ஆம்பியர்-அவர் போய்விடும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அது பெரிய இழப்பு.

13. வாரண்டி முடியாத காரின் வயரிங்கை வெட்டாதீர்கள். மின்பகுதி பழுதானால் கம்பெனி கைவிரித்துவிடும். புது கார் வாங்கும் யோசனை இருந்தால் கம்பெனியே தரும் வசதியைக் கேளுங்கள். 2019 மே மாதம் ஹூண்டாய் வென்யூ, போனிலிருந்தே ஸ்டார்ட் செய்ய உதவும் புளூலிங்கோடு வந்ததிலிருந்து சின்ன எஸ்யூவிகளிலும் அது கிடைக்கிறது.

இன்றைக்கே கடைக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். வண்டி நியூட்ரலில் இருப்பதை இந்தக் கிட் எப்படி உறுதி செய்யும்? பானட் சுவிட்சும் ஹேண்ட் பிரேக் சுவிட்சும் இணைப்பீர்களா? என் இரண்டு சாவியும் என் கையிலேயே இருக்குமா? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் மாட்டுங்கள். ஒன்றுக்கு மழுப்பினாலும் அந்தப் பணத்துக்கு நல்ல சன்ஷேடு வாங்குங்கள். ஏறியதும் நான்கு கண்ணாடியையும் இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு ஏசி போடுங்கள். உள்ளே அடைபட்ட சூடு வெளியே போய்விடும், வண்டியும் உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்கும்.