மாயப் பொருளைத் துண்டு போடுங்கள்! மேஜை விளையாட்டுக்கு ஓர் ஒர்க்‌ஷீட் பாடம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பாட்டுக் கேட்கிறோம், கேம்ஸ் ஆடுகிறோம். ஒர்க்‌ஷீட் புரோகிராம் என்றதும் "அது ஆபீஸ் கணக்குக்கு" என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்தப் பாடத்தில், கம்ப்யூட்டரில் ஆடாத ஒரு விளையாட்டுக்கு அதே ஒர்க்‌ஷீட்டைப் பயன்படுத்தப் போகிறோம். எக்ஸெல் இருந்தாலும் சரி, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தாலும் சரி, போதும்.

என்ன விளையாட்டு?

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் நடுவர். அவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஒளிந்துகொள்கிறேன்" என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இந்த வகையில் முதலில் அச்சில் வந்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள்.

இந்த விளையாட்டில் புகழ்பெற்ற ஒரு பொருள் உண்டு. பெயர் ராட் ஆஃப் செவன் பார்ட்ஸ், அதாவது ஏழு துண்டுக் கோல். 1976-இல் வந்த எல்ட்ரிட்ச் விஸார்ட்ரி என்ற துணைநூலில் அது இடம்பெற்றது. 1996-இல் ஸ்கிப் வில்லியம்ஸ் அதற்கென்றே ஒரு பெரிய கதைத் தொகுப்பு எழுதினார். 2024-இல் வெளியான வெக்னா: ஈவ் ஆஃப் ருயின் கதையிலும் வீரர்கள் தேடி அலைவது இதே கோலின் துண்டுகளைத்தான்.

இத்தனை ஆண்டுகள் அது நிலைத்ததற்குக் காரணம், அது உடைந்த விதம். ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சக்தி உண்டு. மிகச் சிறிய துண்டே காயத்தை ஆற்றும். ஒரு துண்டு கையில் இருந்தால் அடுத்தது இருக்கும் திசை தெரியவரும். வரிசை தவறி இணைத்தால் ஒரு துண்டு மறைந்து எங்கோ போய்விடும். இவை மூன்றும் ஆடுபவர்களைத் தேட வைக்கின்றன, யோசிக்க வைக்கின்றன.

நான் செய்த தவறு

என் அண்ணன் மகனும் அவன் நண்பர்கள் மூவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் ஆடுவார்கள். நான்தான் நடுவர். ஏழு துண்டுக் கோலைப் பார்த்து நானும் ஏழு துண்டுள்ள ஒரு வாளைத் தயாரித்தேன். துண்டுகளுக்குத் தனிச் சக்தி எதுவும் வைக்கவில்லை. ஏழும் சேர்ந்தால்தான் பயன்.

மூன்றாவது துண்டு ஒரு மரப்பெட்டியில் இருந்தது. பையன்கள் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் படகுக்காரனுக்குக் கூலியாகக் கொடுத்துவிட்டார்கள்! நான்காவது துண்டுக்கு வழி மூன்றாவதில்தான் எழுதியிருந்தது. கதை அங்கேயே நின்றது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருந்தது. கிடைத்த இரண்டு துண்டுகளையும் என் அண்ணன் மகனே வைத்துக்கொண்டான். நால்வரில் அதிகம் பேசாத ஒரு பையன், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அடுத்த வாரம் நான் வரலை அங்கிள். நான் வந்தாலும் வராட்டியும் கதை நடக்குதே."

அன்று இரவே கம்ப்யூட்டரைத் திறந்து புது ஃபைல் போட்டேன்.

குத்துவிளக்கு சொன்ன வழி

வீட்டில் வெள்ளிக்கிழமைக்கு முன் குத்துவிளக்கைத் துலக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று நான்காகக் கழற்றிப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். வரிசை மாற்றி முடுக்க முடியாது. ஒன்று குறைந்தாலும் விளக்கு முழுமையாகாது. என் அடுத்த மாயப் பொருள் அதுதான். இந்த முறை ஐந்து விதிகளை வைத்துக்கொண்டேன்.

1. ஆட்களை எண்ணித் துண்டு போடுங்கள். ஒரு துண்டைத் தேட எங்களுக்கு இரண்டு ஞாயிறு பிடிக்கும். மாதம் இரண்டு முறைதான் ஆடுகிறோம். ஏழு துண்டு என்றால் ஏழு மாதம்! பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. நான்கு பேருக்கு நான்கு துண்டு, நான்கு மாதத்தில் கதை முடியும்.

2. ஒவ்வொரு துண்டும் தனியாகவே பயன்பட வேண்டும். பாதத்தை வைத்திருப்பவரை யாராலும் கீழே தள்ள முடியாது. தண்டு, அடுத்த துண்டு இருக்கும் பக்கம் சாயும். தட்டு, நாளுக்கு ஒருமுறை ஒருவர் காயத்தை ஆற்றும். அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்பார்களே, அதுபோல் என் அன்னம் பொய்யையும் மெய்யையும் பிரித்துச் சொல்லும்.

3. ஒருவரே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாதபடி ஒரு விலை வையுங்கள். கையில் இரண்டு துண்டு வைத்திருப்பவருக்குத் தூக்கம் வராது, அவர் போடும் பகடை எண்ணில் 2 குறையும் என்று வைத்தேன். "பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

4. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு தடயமாவது இருக்கட்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் மற்றொன்று கிடைக்கும். துண்டே தொலைந்தால் என்ன ஆகும் என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள். படகுக்காரன் அதைச் சந்தையில் விற்றான், வாங்கியவன் எதிரி என்றால், தொலைத்ததே அடுத்த கதையாகிவிடும்.

5. முழுமையானதும் ஒரே ஒரு பெரிய வேலையைச் செய்யட்டும். எந்நாளும் எல்லாம் செய்யும் பொருள் கிடைத்துவிட்டால், அதற்குப் பிறகு ஆட ஒன்றும் இருக்காது. எங்கள் விளக்கு ஒரே ஓர் இரவு எரியும், அவ்வளவுதான்.

இனி ஒர்க்‌ஷீட்டில்...

புதிய ஃபைலைத் திறந்து முதல் படுக்கை வரிசையில் எட்டுத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: துண்டு, தனிச் சக்தி, விலை, இருக்கும் இடம், முதல் தடயம், இரண்டாம் தடயம், யார் கையில், தொலைந்தால் என்ன. அடுத்த நான்கு படுக்கை வரிசைகளில் துண்டுக்கு ஒன்றாக நிரப்புங்கள். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஸ் தட்டி, "நடுவர்" என்ற பெயரில் சேவ் செய்யுங்கள்.

இப்போது அட்டவணையைப் பாருங்கள். காலியாக இருக்கும் கட்டம்தான் கதை நிற்கப்போகும் இடம். என் பழைய வாளை இப்படி எழுதிப் பார்த்தபோது "தனிச் சக்தி", "இரண்டாம் தடயம்", "தொலைந்தால் என்ன" ஆகிய மூன்றும் மேலிருந்து கீழ்வரை காலி! "யார் கையில்" என்ற வரிசையையும் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின் மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், மேஜையில் யாரோ ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள்.

மறைப்பது வேறு, நீக்குவது வேறு

ஆடுபவர்களுக்கும் ஒரு பட்டியல் வேண்டும். நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? இடம், தடயம் உள்ள நெட்டு வரிசைகளை "ஹைட்" செய்து, ஃபைலை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒரு பையன் "அன்ஹைட்" கொடுத்து அத்தனை ரகசியத்தையும் படித்துவிட்டான். ஹைட் செய்தது கண்ணுக்குத்தான் தெரியாது. ஃபைலுக்குள் பத்திரமாக இருக்கும். சம்பளக் கணக்கு, மதிப்பெண் பட்டியல் என எதை யாருக்கு அனுப்பினாலும் இதை மறக்காதீர்கள்.

சரியான முறை இது:

1. முதலில் ஃபைல் மெனுவில் "சேவ் ஆஸ்" கொடுத்து, "ஆடுபவர்" என்ற புதுப் பெயரில் சேவ் செய்யுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் உங்கள் மூல ஃபைலே காலியாகிவிடும்.

2. இடம், இரண்டு தடயங்கள், "தொலைந்தால் என்ன" ஆகிய நான்கு நெட்டு வரிசைகளையும் ஒவ்வொன்றாக நீக்குங்கள். வரிசையின் தலையில் உள்ள எழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து "டெலிட்" கொடுக்க வேண்டும்.

3. இன்னும் கிடைக்காத துண்டுகளின் படுக்கை வரிசைகளையும் அதேபோல் நீக்குங்கள்.

4. மறுபடி சேவ் செய்து, பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். பிரிண்டர் இல்லையென்றால் பிடிஎஃப் ஆக மாற்றிக் கொடுக்கலாம்.

புதுத் துண்டு கிடைக்கும்போதெல்லாம் "நடுவர்" ஃபைலில் இருந்து இதே நான்கு படிகளையும் மீண்டும் செய்யுங்கள். தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால் பதற வேண்டாம். ஃபைலை மூடுவதற்கு முன் கண்ட்ரோல் கீயுடன் இசட் தட்டினால் திரும்பி வந்துவிடும்.

கடைசி ஞாயிறு

வர மாட்டேன் என்ற பையனை என் அண்ணன் மகனே போய் அழைத்து வந்தான். அன்னம் அவன் பங்குக்குப் போயிற்று. கடைசி ஆட்டத்தில் கோட்டைக் காவலன், "இந்தாருங்கள், விளக்குக்கு எண்ணெய்" என்று ஒரு குடத்தை நீட்டினான். மூன்று பேரும் வாங்கத் தயார். அவன் மட்டும் அன்னத்தின் சீட்டைத் தொட்டு, "இது பொய்யா, மெய்யா?" என்று என்னிடம் கேட்டான். "பொய்" என்றேன். குடத்தில் இருந்தது தண்ணீர். அதை ஊற்றியிருந்தால் நான்கு மாதம் தேடிய விளக்கு எரிந்தே இருக்காது.

"நல்லவேளை, நீ வந்தே!" என்றான் என் அண்ணன் மகன்.

ஒர்க்‌ஷீட்டைத் திறந்து அந்த எட்டுத் தலைப்புகளை இன்றே டைப் செய்து பாருங்கள். பொருள் எதுவாகவும் இருக்கட்டும். உங்கள் மேஜையில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டுத் துண்டு போடுங்கள்.