மிடியும் ஆடியோவும்: ஒலிப்பதிவு பழகும் பிள்ளைகளுக்கு

கணினியில் ஒலிப்பதிவு வேலை பழகி, குறும்படம், விளம்பரம், பள்ளி ஆண்டு விழா என்று வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் பிள்ளைகள் நம் ஜமாஅத்திலும் சிலர் இருக்கிறார்கள். இசையைப் பற்றி நம் குடும்பங்களில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்தை இங்கே எடுக்கவில்லை. உழைத்த பிள்ளைக்குக் கூலி கைக்கு வரவேண்டும் என்பதே நம் கவலை.

அண்மையில் ஒரு தம்பி நம்மிடம் வந்து வருந்தினார். பத்து நாள் இரவு கண்விழித்து ஒரு குறும்படத்துக்குப் பின்னணி இசை அமைத்து அனுப்பியிருக்கிறார். அங்கே திறந்தால் புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் பியானோ. இரண்டு டிராக்கில் சத்தமே இல்லை. வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அவர் அனுப்பியவை வெறும் மிடி டிராக்குகள்.

பல நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்க 1983இல் வந்த பொது ஏற்பாடுதான் மிடி. அதற்கு முன்னின்று உழைத்த ஜப்பானியர் இகுதாரோ ககேஹாஷி, அமெரிக்கர் டேவ் ஸ்மித் இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. மிடியில் ஒலி என்பது துளியும் கிடையாது. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தி, எப்போது விடவேண்டும் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண். நடு சி என்பது 60. நோன்புக் கஞ்சியை அனுப்பாமல் அதன் பக்குவத்தை எழுதி அனுப்புவது போலத்தான் இது. அடுத்த வீட்டில் என்ன அரிசி இருக்கிறதோ அந்தக் கஞ்சிதான் அங்கே கிடைக்கும். மூன்று நிமிட இசை மிடியில் சில கிலோபைட்டில் அடங்கிவிடும். அதுவே சிடி தரத்தில் ஸ்டீரியோ ஆடியோவானால் 30 மெகாபைட்டைத் தாண்டும்.

ஆகவே வெளியே கொடுக்குமுன் ஆடியோவாக மாற்றிவிட வேண்டும். கியூபேஸில் இதற்கு ரெண்டர் இன் பிளேஸ் என்று பெயர்; லாஜிக்கில் பவுன்ஸ் இன் பிளேஸ்; புரோ டூல்ஸில் கமிட். ஏபிள்டன் லைவில் முதலில் ஃப்ரீஸ், பிறகு ஃப்ளாட்டன். ஃப்ளாட்டன் செய்தால் மிடி டிராக் இருந்த இடத்தில் ஆடியோ வந்துவிடும். அதனால் முன்கூட்டியே ஒரு நகல் எடுத்து, மியூட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுரம் தப்பாக இருந்தால் மிடியில் நொடியில் திருத்தலாம். ஆடியோவில் அது பெரும்பாடு.

வெளியே இருக்கும் கீபோர்டிலிருந்து ஒலி வருகிறதென்றால் கதை வேறு. புதிதாகப் பழகுகிறவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். யுஎஸ்பி கேபிள் ஒன்றைச் சொருகிவிட்டுப் பாட்டு கணினிக்குள் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். பல கீபோர்டுகளில் அந்தக் கேபிள் மிடியை மட்டுமே கொண்டுபோகும். கீபோர்டின் லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸுக்குத் தனி கேபிள் போட்டு, புதிய ஆடியோ டிராக் திறந்து, பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டுப் பதிய வேண்டும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஐந்து நிமிடம் ஆகும், குறுக்குவழி இல்லை.

எல்லா டிராக்கையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து மாற்றுங்கள். இல்லையென்றால் அங்கே தாளம் தப்பும். கடைசிச் சுரத்தின் எதிரொலி அறுந்துபோகாமல் முடிவில் சில நொடி கூடுதலாக விடுங்கள். அளவுமானியில் சிவப்பு எரியக்கூடாது. வீடியோவுக்கு என்றால் பெரும்பாலும் 48,000 ஹெர்ட்ஸ் கேட்பார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு வேவ் கோப்பாகக் கொடுங்கள். அனுப்புமுன் வேறு ஒரு கணினியில் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். அந்தத் தம்பி இதைச் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பழகிப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் ஞாயிறு அஸருக்குப் பின் நம் கணினி அறைக்கு வரலாம். ஹெட்போன் கையோடு கொண்டு வரவும். இங்கே இருப்பது இரண்டுதான்.