கேப்சூல் கேஸ் வந்தால் கைநடுங்காமல் இருப்பது எப்படி?

ஏர்போர்ட் இருக்கும் ஊரில் கேஷுவல்டி டூட்டியா? என்றாவது ஒரு நள்ளிரவில் கஸ்டம்ஸ் அதிகாரிகள் ஒருவரைக் கூட்டிவந்து, "கேப்சூல் முழுங்கியிருக்கார், டாக்டர்" என்பார்கள். உங்கள் பேட்சில் எல்லாரிடமும் இருப்பது அதே எம்.பி.பி.எஸ்.தான். இந்த மாதிரி ராத்திரியில் பதறாதவரைத்தான் சீஃப் ஞாபகம் வைத்துக்கொள்வார்.

1. நாலு கேள்வி கேளுங்கள். என்ன சரக்கு, எத்தனை, எப்போது, எதில் சுற்றியது? விசாரணை அதிகாரியின் வேலை, அதில் தலையிடாதீர்கள். பேஷண்ட் சொல்லும் எண்ணிக்கையை நம்பியும் விடாதீர்கள். கடத்துவதற்காகப் பக்காவாக பேக் செய்து முழுங்கியவர் பாடி பேக்கர். போலீஸைக் கண்டதும் வாயில் போட்டுக்கொண்டவர் பாடி ஸ்டஃபர். இவரிடம் அளவு குறைவு, கசியும் வாய்ப்பு அதிகம்.

2. பியூபிலைப் பாருங்கள். ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சும் மந்தமானால் ஹெராயின் கசிகிறது. ஏர்வே, நலாக்சோன், ஒரு டோஸோடு நிற்காது, இன்ஃப்யூஷன் தேவைப்படும். பியூபில் விரிந்து, பி.பி. எகிறி, உடம்பு கொதித்தால் கோகைன். இதற்கு மாற்று மருந்து கிடையாது. பென்சோடயஸிபின் போடுங்கள், உடம்பைக் குளிர வையுங்கள், பீட்டா பிளாக்கர் பக்கம் போகாதீர்கள். சர்ஜனை அப்போதே எழுப்புங்கள். பாக்கெட் உடைந்திருந்தால் தியேட்டர்தான்.

3. எக்ஸ்ரே கிளியர் என்று நிம்மதி அடையாதீர்கள். கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி. கேளுங்கள். யூரின் டெஸ்ட் நெகடிவ் என்றாலும் சந்தேகம் தீராது.

4. அறிகுறி இல்லாதவரிடம் ஹீரோயிசம் வேண்டாம். ஐ.சி.யூ. மானிட்டர், குடிக்க பாலிஎத்திலீன் கிளைக்கால், பொறுமை. எண்டோஸ்கோப்பில் இழுத்தால் உறை கிழியும். பாரஃபின் ஆயில் லேட்டக்ஸை அரிக்கும். வாந்தி, வயிறு உப்பல் என்றால் அடைப்பு, மறுபடி சர்ஜன்.

5. பேப்பரில் கெட்டியாக இருங்கள். ஏ.ஆர். என்ட்ரி, சம்மதம், ஒவ்வொன்றுக்கும் நேரம். சம்மதிக்காதவரை கஸ்டம்ஸுக்காக எக்ஸ்ரே எடுக்க, 1962 கஸ்டம்ஸ் சட்டத்தின் 103-வது பிரிவுப்படி மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். உயிர்காக்கும் சிகிச்சை அதற்காகக் காத்திருக்காது. வெளிவந்த பாக்கெட்டை எண்ணி, எழுதி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். சம்மன் வருஷம் கழித்துக்கூட வரலாம். கிராஸில் உங்களைக் காப்பாற்றுவது கேஸ் ஷீட்தான்.

6. மலத்தில் பாக்கெட் வருவது நின்று, ஸ்கேனும் கிளியர் ஆன பிறகே டிஸ்சார்ஜ். அந்த வாரமே, பேஷண்ட் அடையாளத்தை மறைத்து கிளினிக்கல் மீட்டிங்கில் பிரசென்ட் செய்ய சீஃபிடம் கேளுங்கள். நீங்கள் தயங்கினால் பக்கத்து யூனிட்காரர் கேட்டுவிடுவார்.