பேசிக்கா, பைத்தானா?

கேள்வி: ஓய்வுபெற்றுவிட்டேன். பொழுதுபோக்காகப் புரோகிராமிங் கற்க பேசிக் போதுமா?

பதில்: பைத்தானுக்கே போய்விடுங்கள். பேசிக்கில் வெகுகாலம் விளையாடியவன் சொல்கிறேன். 1964இல் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் அதை உருவாக்கியதே அறிவியல் படிக்காத மாணவர்களையும் மனதில் வைத்துத்தான். பழைய பேசிக்கில் வரிக்கு வரி எண் போட வேண்டும். 10, 20, 30 என்று இடைவெளி விடுவோம்; நடுவில் ஏதாவது விட்டுப்போனால் 15 என்று செருகிக்கொள்ளலாம். சுகம்தான். ஆனால் கோட்டூ கட்டளை போட்டு அங்குமிங்கும் தாவவிட்ட புரோகிராமைச் சில மாதம் கழித்துப் பார்த்தால் எழுதியவனுக்கே தலைசுற்றும். பைத்தானில் வரி எண் கிடையாது. இஃப் வரிக்குக் கீழே வருவதை உள்தள்ளி எழுதாவிட்டால் மட்டும் ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். நல்ல அடம்தான்! பேரப்பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்தால் எம்ஐடியின் ஸ்கிராட்ச் மொழியைத் திறந்து பாருங்கள். கட்டளைக் கட்டங்களை இழுத்துப் பொருத்தி ஓடவிட்டாலே திரையில் பூனை நடக்கும்.