'இல்லை' வேறு, 'வேண்டா' வேறு

பௌத்தம் தழுவிய நம்மவரைச் சுற்றத்தார் முதலிற் கேட்பது, "கடவுள் உண்டா, இல்லையா?" என்பதே. "அறியோம்" என்றால் நகைக்கின்றனர்.

அறியோம் என்பதிலும் இருவகை உண்டு. பகவான் காலத்துச் சஞ்சயர் எவ்வினாவுக்கும் பிடிகொடாது நழுவினார். அத்தகையோரைப் பாலி நூல்கள் விலாங்குமீனுக்கு ஒப்பிடும். பகவானோ, பிரமனை அடையும் வழி கூறிய வேதியரை நோக்கி, அவனை நேரிற் கண்டவர் உங்களுள் யார் என வினவினார். சான்று கேட்பது நழுவுதலன்று. 1869இல் இக்கொள்கைக்கு ஆங்கிலத்தில் பெயரிட்ட ஹக்ஸ்லியின் கருத்தும், சான்றில்லாததை அறிந்ததாகக் கூறலாகாது என்பதே.

நம் கொச்சியில் இவ்வினா ஏட்டளவில் நிற்கவில்லை. 1917இல் செறாயியில் புலையரோடு சமபந்தி உணவு நடத்திய ஐயப்பன் "புலையன் ஐயப்பன்" எனத் தூற்றப்பெற்றார். அப்பெயரைப் பெருமையாகவே கொண்டார். அவ்வாண்டே மட்டாஞ்சேரியில் 'சகோதரன்' இதழைத் தொடங்கினார். சாதி, மதம், கடவுள் மூன்றும் ஒன்றே என்ற தம் ஆசான் நாராயண குருவின் வாக்கை மாற்றி, மனிதனுக்கு அம்மூன்றும் வேண்டா என்றார். 'இல்லை' என்னாது 'வேண்டா' என்றதை நாம் நோக்க வேண்டும். உண்டென நிறுவினாலும் இல்லையென நிறுவினாலும், பந்திக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவனுக்கு இலை விழாது. தருமம் மட்டும் வேண்டும் என்றார் அவர். தம் மகனுக்குச் சுகதன் எனப் பெயரிட்டார். அது பகவானின் திருநாமம் அன்றோ!