கையிலிருப்பதைக் கொண்டு புதுத் தொழில்

கூட்டாகக் காய்கறி வியாபாரம் தொடங்க எண்ணும் பூவம் விவசாயிகள், குஜராத் வாங்கானேர் மண்பாண்டத் தொழிலாளி மன்சுக்பாய் பிரஜாபதியின் அனுபவத்தைக் கவனிக்க வேண்டும். 2001 பூகம்பத்துக்குப் பின் அவர் மின்சாரம் வேண்டாத மண் குளிர்ப்பெட்டி செய்ய முனைந்தார். மண் கலவையை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தே தேறினார். மேலே ஊற்றும் நீர் சுவரில் கசிந்து ஆவியாவதால் பெட்டி குளிர்கிறது. 'மிட்டிகூல்' என்ற பெயரில் அதை விற்றார்.

இதே முறையில் செங்கல்லை நிழலில் இரட்டைச் சுவராக அடுக்கி, இடையில் மணல் நிரப்பி, காலை மாலை நீர் தெளித்துக் காய்களை வைக்கலாம். ஆனால் கடலோர ஈரக்காற்றில் குளிர்ச்சி குறையும்; வறண்ட மேல்காற்றில் கூடும். எனவே முதலில் பழைய செங்கல்லில் சிறிதாகக் கட்டுங்கள். பாதிக் கத்தரியை உள்ளேயும் பாதியை வெளியேயும் வைத்து, வாடும் நாளைக் குறியுங்கள். பலன் கண்ட பிறகே பணம் போடுவது நல்லது.