பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் போகிற மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமன் எழுதுகிறேன். நீ அனுப்பின படமெல்லாம் பார்த்தேன். மருங்காபுரியில் அந்தப் பழைய வீட்டு ரேழி, ஒரு பக்கச் சங்கிலி அறுந்த ஊஞ்சல், பரணில் பித்தளை அண்டா, மூலையில் கூடை நிறையக் கரையான் மண் பூசின காகிதம். “யாருமே இல்ல மாமா, எல்லாத்தையும் போட்டுட்டுப் போயிட்டாங்க” என்கிறாய். அண்டா என்ன விலை போகும் என்று உன் கூட்டாளி கேட்டானாமே, அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடுதாசி.

பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். ஆளில்லாத வீடு எத்தனையோ பார்த்திருக்கிறேன். வாரிசு இல்லாத வீடு அபூர்வம். முக்கால்வாசி வீடு பூட்டிக் கிடப்பது வாரிசு அதிகமாகிப் போனதால்தான். பத்திரம் தாத்தா பேரில் இருக்கும், பாகப்பிரிவினை ஆகியிருக்காது. பேரன் ஒருத்தன் திருப்பூரில், ஒருத்தன் சிங்கப்பூரில். விற்கலாம் என்றால் ஒருத்தர் கையெழுத்துப் போட மாட்டார். ஓடு மாற்றலாம் என்றால் இன்னொருத்தர் காசு தர மாட்டார். கடைசியில் மழைதான் பாகம் பிரிக்கும்.

பொன்னமராவதி தாண்டினால் செட்டிநாடு. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் தொழில் செய்த இடத்தை விட்டுவிட்டு ஓடி வந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். அதன் பிறகு பல வீடுகளை அவர்களால் கட்டிக் காக்க முடியவில்லை. பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் கழன்று போயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பார். எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், மரப்பெட்டி எல்லாம் கடைக்கடையாக அடுக்கியிருக்கும். வியாபாரத்தை நான் குறை சொல்லவில்லை, சொந்தக்காரர்களே விற்றதும் உண்டு. ஆனால் எந்த வீட்டில், யார் கல்யாணத்துக்கு வந்த சீர் என்று அந்தத் தூக்கைக் கேட்டால் சொல்லுமா?

அதனால் அண்டாவை விடு. எடைக்குப் போனால் அது வெறும் பித்தளை. அந்தக் கூடையைப் பார். மருங்காபுரி ஜமீன் இருந்த ஊர். ஜமீன் நிலத்தில் பட்டா கொடுப்பதும் பதிலுக்குக் குடியானவன் முச்சலிக்கா எழுதித் தருவதும் 1908-ம் வருஷச் சட்டப்படி நடந்தது. 1948-ம் வருஷ ஒழிப்புச் சட்டம் வந்து அந்த ஏற்பாடே போயிற்று. அந்தக் காலத்துத் தீர்வை ரசீதோ முச்சலிக்காவோ ஒன்று அதில் கிடந்தால், சுற்றுப்பட்டு ஊரில் யாரோ ஒருத்தருக்கு அது இன்றைக்கும் தேவைப்படலாம். இதே ஊர் ஜமீன்தாரிணி லட்சுமி அம்மணி திருக்குறளுக்கு ‘தீபாலங்காரம்’ எழுதினவர். படித்தவர்கள் இருந்த ஊரில் குப்பையைக்கூடப் பார்த்துத்தான் கொட்ட வேண்டும்.

பார்க்காமல் போக்கியதும் நடந்திருக்கிறது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு உ.வே.சா. ஏடு தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டோம் என்றார்களாம். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதினவர். அவரோ அதற்கு மாறாக, கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் வீசினதையும் சேர்த்தார். 1994 முதல் அந்தச் சேகரிப்பு சென்னையில் அவர் பேரிலேயே நூலகமாக நடக்கிறது.

சரி, நீ செய்ய வேண்டியது. முதலில் துவரங்குறிச்சிப் பக்கம் விசாரி. சாவி யாரிடமாவது இருக்கும், இல்லாவிட்டால் வரி கட்டுகிறவர் பேராவது கிடைக்கும். ஒரு வாரிசு சரி என்று எழுதிக் கொடுத்தால் போதாது, மற்றவர்களுக்கும் தெரியப்படுத்து. அனுமதி இல்லாமல் நுழைந்தால் அத்துமீறல், கையில் ஒரு செம்பு இருந்தால் திருட்டு. சிலையோ செப்பேடோ கண்ணில் பட்டால் தொடாமல் தாசில்தாருக்குச் சொல். 100 வருஷம் தாண்டின கலைப்பொருளுக்கு 1972-ம் வருஷச் சட்டம் தனியாக இருக்கிறது, லைசென்ஸ் இல்லாமல் அதில் வியாபாரம் செய்யவே கூடாது.

உள்ளே போனால் மச்சில் நடுவில் நடக்காதே. உத்தரம் கரையான் தின்று கூடாக இருக்கும்; சுவர் ஓரமாக, ஒரு சமயத்தில் ஒருத்தராக. பானைக்குள் கை விடாதே, குச்சியால் தட்டிப் பார். ஒட்டிக் கிடக்கும் ஓலைச்சுவடியைப் பிரித்தால் உதிரும்; துணியில் சுற்றி அப்படியே வை. எதையும் நகர்த்தும் முன் இருந்த இடத்தோடு படம் எடு, நோட்டில் எழுது. வீடியோ போடுவதாக இருந்தால் வாசலும் தெருவும் தெரிய வேண்டாம், மறுநாளே லாரி வந்து நிற்கும்.

காகிதத்தில் பழைய கையெழுத்து உனக்குப் புரியாது. கூட்டெழுத்து, முக்கால் அரைக்கால் கணக்கு எல்லாம் வரும். சாவி கிடைத்ததும் போன் போடு, ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வை. லென்ஸ் எடுத்துக்கொண்டு மணப்பாறை பஸ்ஸில் வந்து சேர்கிறேன். அம்மாவிடம் நான் வருகிற விஷயத்தைச் சொல்லாதே. விருந்து வைக்கிறேன் என்று பகல் பொழுதைத் தின்றுவிடுவாள்.

இப்படிக்கு,
உன் மாமன்